புல்தரை போய்ப் பிரெய்ரி வர: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பள்ளிக்கூடப் புவியியலில் படித்த பெயர்தான்: ஆசியாவில் ஸ்டெப்பி, தென் அமெரிக்காவில் பாம்பாஸ், வட அமெரிக்காவில் பிரெய்ரி. தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன அந்தப் புல்வெளியின் மேல்தான் சிகாகோ புறநகரில் வீடு வாங்கிய நாம் குடியிருக்கிறோம். ஆனால் நம் வாசலில் வளர்வது வேறு புல். கென்டக்கி புளூகிராஸ் என்பது அதன் பெயர். கென்டக்கி அதற்குப் பிறந்த ஊர் இல்லை. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது. அதைத்தான் வாராவாரம் வெட்டி, தண்ணீர் காட்டி, உரம் போட்டுப் போற்றுகிறோம்.

இல்லினாய்க்கு ‘பிரெய்ரி மாநிலம்’ என்று பட்டப்பெயர். ஒரு காலத்தில் சுமார் 2.2 கோடி ஏக்கர், அதாவது மாநிலத்தில் பாதிக்கு மேல், பிரெய்ரியாக இருந்தது. அந்தக் கரிய, ஒட்டும் மண்ணில் பழைய இரும்புக் கலப்பைகள் சிக்கிக்கொண்டன. 1837இல் கிராண்ட் டிட்டூர் என்ற ஊரில் ஜான் டீயர் என்ற கொல்லர் மண் ஒட்டாத எஃகுக் கலப்பையைச் செய்தார். அதன் பிறகு சில பத்தாண்டுகளிலேயே பெரும்பகுதி உழவு நிலமாகிவிட்டது. கலப்பை படாமல் நல்ல நிலையில் இன்று மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 2,500 ஏக்கர்தான். பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

வாசல் லானில் ஒரு துண்டையாவது அந்த மண்ணின் செடிகளுக்குத் திருப்பிக் கொடுக்க நினைப்பவர்களுக்காக இந்தப் பட்டியல். தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். லான் புல்லின் வேர் சில அங்குலத்தோடு நின்றுவிடும். பிக் புளூஸ்டெம் என்ற பிரெய்ரிப் புல்லின் வேர் 8 முதல் 10 அடி வரை போகும். கம்பஸ் பிளான்ட் 15 அடி வரை இறங்கும். அந்த வேர் இறங்கி முடியும் வரை மேலே பெரிதாக ஒன்றும் தெரியாது. தெரியவில்லையே என்று பதறியவர்கள்தான் தோற்கிறார்கள். கீழே வரும் ‘கூடாது’களில் சில அந்தப் பதற்றத்துக்கு எதிராக எழுதியவை.

1. மண்ணைத் தொடும் முன்

செய்ய வேண்டியவை

• சிறிதாகத் தொடங்குங்கள். 100 அல்லது 200 சதுர அடி போதும். களை எடுக்க உங்கள் இரண்டு கைகளுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

• வெயிலைக் கவனியுங்கள். கோடையில் ஒரு நாள் முழுக்க எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று குறித்து வையுங்கள். ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மழை பெய்த மறுநாள் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கு வைக்கும் செடி வேறு.

• ஊர் விதியைப் படியுங்கள். பல ஊர்களில் 8 அல்லது 10 அங்குலத்துக்கு மேல் வளர்ந்த ‘களை’க்கு அபராதம் உண்டு. எதைக் களை என்கிறார்கள், நட்டு வளர்த்த நாட்டுச் செடிகளுக்கு விலக்கு உண்டா என்று பாருங்கள். இல்லினாயில் 2024இல் வந்த சட்டத்தின்படி, நாட்டுச் செடி என்ற காரணத்துக்காக மட்டும் வீட்டு உரிமையாளர் சங்கம் தடை போட முடியாது. ஆனால் களையின்றிப் பராமரிக்க வேண்டும், பக்கத்து வீட்டு எல்லைக்குள் பரவக்கூடாது போன்ற நிபந்தனைகள் இருக்கின்றன.

• நன்றாக வளர்ந்த பிரெய்ரியை நேரில் போய்ப் பாருங்கள். லைல் ஊரிலுள்ள மார்ட்டன் ஆர்பரேட்டத்தில் ரே ஷூலன்பர்க் 1962இல் தொடங்கிய நடவு இன்று அவர் பெயரிலேயே இருக்கிறது. ஜோலியட் அருகே பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை நிலத்தில் 1996இல் அமைந்த மிடேவின் தேசியப் பிரெய்ரியில் காட்டெருமை மந்தையே மேய்கிறது. ஆகஸ்டில் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை போங்கள். பூத்த கோலத்தையும் காய்ந்த கோலத்தையும் பார்த்தவருக்கு வாசலில் என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

• தோண்டும் முன் 811 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். எரிவாயு, மின்கம்பி போகும் இடங்களை இலவசமாக அடையாளமிட்டுக் கொடுப்பார்கள்.

செய்யக்கூடாதவை

• முழு லானையும் ஒரே ஆண்டில் அழிக்காதீர்கள். பிள்ளைகள் ஓடியாட, நாற்காலி போட்டு உட்கார ஒரு பகுதி இருக்கட்டும். பிரெய்ரி கால் மிதிபட வளரும் தரை அல்ல.

• மரத்தடி நிழலில் பிரெய்ரி வைக்காதீர்கள். ஒல்லியாக வளர்ந்து சாய்ந்துவிடும். நிழலுக்குரிய காட்டுச் செடிகள் தனியாக இருக்கின்றன.

• இயற்கையாக மிஞ்சிய பிரெய்ரியிலிருந்து செடியையோ விதையையோ எடுக்காதீர்கள். இல்லினாயில் மிஞ்சியவற்றில் பல, ஆதிக் குடியேறிகளின் இடுகாடுகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் இருக்கின்றன. கல்லறை என்பதால்தான் அங்கே கலப்பை போகவில்லை. அங்கிருந்து பிடுங்கினால் அந்த இடத்தை ஈடுகட்ட இன்னோர் இடம் கிடையாது. பாதுகாக்கப்பட்ட நிலங்களில் அனுமதியின்றி எடுப்பது குற்றமும்கூட.

2. பழைய புல்லை ஒழிக்கும்போது

வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிற கட்டம் இதுதான். ஆசையோடு விதை வாங்கி வந்தவர்களுக்கு இதற்குப் பொறுமை இருப்பதில்லை.

செய்ய வேண்டியவை

• ஒரு முழு வளர்பருவத்தை இதற்கு ஒதுக்குங்கள். மே மாதம் கறுப்புத் தார்ப்பாயை விரித்து, ஓரங்களில் கல் வைத்து, அக்டோபர் வரை விட்டுவிடுங்கள். வெளிச்சம் இல்லாமல் புல் சாகும்; முளைத்த களை விதையும் இருட்டில் செத்துவிடும்.

• நாற்று நடுவதாக இருந்தால் அட்டைப்பெட்டி முறை நல்லது. ஒட்டுநாடாவைக் கிழித்துவிட்டு அட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, நனைத்து, மேலே நாலைந்து அங்குலம் மரத்தூள் மூடாக்குப் போடுங்கள்.

• களைக்கொல்லிதான் என்று முடிவெடுத்தால் டப்பாவில் அச்சிட்ட அளவையும் இடைவெளியையும் மீறாமல், புல் பச்சையாக வளரும் காலத்தில், ஒரு முறைக்கு மேல் அடிக்க வேண்டியிருக்கும். வேண்டாம் என்பவருக்குத் தார்ப்பாய் இருக்கிறது. கூடுதல் செலவு காலம்தான்.

• செத்த புல்லை வாரி எடுங்கள். விதை மண்ணைத் தொட வேண்டும். காய்ந்த புல் மெத்தையின் மேல் விழுந்த விதை பறவைக்குத்தான்.

செய்யக்கூடாதவை

• உழாதீர்கள், கொத்திப் புரட்டாதீர்கள். நம் ஊர் வழக்கப்படி முதலில் கை மண்வெட்டிக்குத்தான் போகும். ஆனால் ஆண்டுக்கணக்காக மண்ணுக்குள் உறங்கும் களை விதைகளைப் புரட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது அந்த மண்வெட்டிதான்.

• வேரால் பரவும் களை இருக்கும்போது விதைக்காதீர்கள். கனடா திஸில் என்ற முட்செடி, குவாக்கிராஸ், பைண்ட்வீட் என்ற கொடி ஆகியவை ஒரு துண்டு வேரிலிருந்து மறுபடி எழுந்துவிடும். தெற்கே ஓக்லஹோமா, டெக்சஸ் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய எதிரி உண்டு. பெர்முடா கிராஸ் என்று அங்கே லானாக வளர்ப்பது வேறு எதுவும் இல்லை, பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்தான். அருகுபோல் வேரோடி வாழுங்கள் என்று மணமக்களை ஏன் வாழ்த்தினார்கள் என்பது அதை ஒழிக்கப் பார்க்கும்போது புரியும். அதற்கு இரண்டு பருவம்கூட ஆகலாம்.

• மக்கிய உரம், ரசாயன உரம் எதையும் போடாதீர்கள். கொழுத்த மண்ணில் முதலில் கொழுப்பது களை. பிரெய்ரிச் செடியும் உயரமாக வளர்ந்து, தண்டு தாங்காமல் சாயும்.

3. செடியும் விதையும் வாங்கும்போது

செய்ய வேண்டியவை

• நாட்டுச் செடிகளுக்கென்றே இருக்கும் நர்சரியில், முடிந்தவரை உங்கள் பகுதியிலேயே திரட்டிய விதையை வாங்குங்கள். அதே செடியின் விதை ஆயிரம் மைல் தள்ளி வளர்ந்திருந்தால் இங்கே பூக்கும் நாளும் குளிர் தாங்கும் திறனும் மாறலாம்.

• உயரம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வாசலுக்கு லிட்டில் புளூஸ்டெம், சைடோட்ஸ் கிராமா, பிரெய்ரி டிராப்சீட் போன்ற இரண்டு மூன்று அடிப் புற்கள் பொருந்தும். பிக் புளூஸ்டெம் ஆறேழு அடி வளரும், கொல்லைப்புறத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

• வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும்படி கலந்து வாங்குங்கள். மே மாதத்துக்கு கோல்டன் அலெக்சாண்டர், கோடைக்கு பர்ப்பிள் கோன்ஃபிளவரும் வைல்ட் பெர்கமாட்டும், செப்டம்பர் அக்டோபருக்கு நியூ இங்கிலாந்து ஆஸ்டர். ரஸ்டி பேட்ச்டு என்ற பம்பிள்பீ தேனீயை 2017இல் அமெரிக்க அரசு அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. சிகாகோ வட்டாரத்தில் அது இன்னும் இருக்கிறது. பெர்கமாட் அதற்குப் பிடித்த பூக்களில் ஒன்று.

• மில்க்வீட் ஒரு வகையாவது வையுங்கள். மெக்சிகோ மலைக்காடு வரை பறந்து போகிற மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு அந்தச் செடியைத் தவிர வேறெதையும் தின்னாது. ஒடித்தால் பால் வடியும் இந்தச் செடியும் நம் எருக்கும் ஒரே குடும்பம். எருக்கில் முட்டையிடும் வெந்தய வரியன் மொனார்க்கின் நெருங்கிய சொந்தம். ஊரில் எருக்கைப் பார்த்தவருக்கு மில்க்வீட் புதிதில்லை.

செய்யக்கூடாதவை

• பெரிய கடைகளில் ‘காட்டுப்பூக் கலவை’ என்று விற்கும் டப்பாவை நம்பாதீர்கள். என் முதல் முயற்சி அதில்தான் போனது. ஒரு கோடை முழுக்க நீலமும் சிவப்புமாகப் பூத்துத் தள்ளியது. மறு ஆண்டு பாதி வெறும் மண், மீதி களை. உறையைத் தேடி எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, பெரும்பாலும் ஓராண்டுச் செடிகள், பாதிக்கு மேல் ஐரோப்பியச் செடிகள் என்று.

• சிறு வாசலில் கப் பிளான்டும் கனடா கோல்டன்ராடும் வைக்காதீர்கள். இரண்டும் இந்த மண்ணின் செடிதான். ஆனால் இடம் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள்.

• நியோனிக்கோட்டினாய்டு பூச்சிமருந்து ஏற்றிய நாற்றை வாங்காதீர்கள். தேனீக்கு விருந்து வைக்கிறோம். அதில் விஷம் வேண்டாம். விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

4. விதைக்கும்போது

செய்ய வேண்டியவை

• நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ விதையுங்கள். இந்தச் செடிகளில் பலவற்றின் விதை ஈரத்தோடு ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் முளைக்கும். உறைந்து இளகும் மண் விரிந்து சுருங்கி விதையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். வசந்தத்தில்தான் விதைக்க முடியும் என்றால் ஈர மணலில் கலந்து ஒன்றிரண்டு மாதம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

• மணலோடு கலந்து தூவுங்கள். எள்ளும் கீரையும் விதைக்க ஊரில் செய்வதேதான். சதுர அடிக்கு 50, 60 விதை என்பது கணக்கு. 1,000 சதுர அடிக்குக் கால் பவுண்டு, அதாவது 100 கிராமுக்குச் சற்று மேல் வரும். விதையை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கைக் கிழக்கு மேற்காகவும் மறு பங்கைத் தெற்கு வடக்காகவும் வீசினால் இடைவெளி விழாது.

• தூவிய பின் மிதித்து விடுங்கள். விதை மண்ணோடு அழுந்தினால் போதும்.

• குழித்தட்டு நாற்று நடுபவர்கள் ஓரடிக்கு ஒன்றாக நட்டு, முதல் கோடையில் மழை இல்லாத வாரங்களில் தண்ணீர் விடுங்கள்.

செய்யக்கூடாதவை

• ஆழமாகப் புதைக்காதீர்கள். கால் அங்குலத்துக்குக் கீழே போன சின்ன விதை மேலே வராது.

• விதைத்த இடத்தில் மரத்தூள் மூடாக்குப் போடாதீர்கள். அது நாற்றுக்குத்தான். களையை அடக்கும் மூடாக்கு விதையையும் அடக்கும்.

• காற்று வீசும் நாளில் தூவாதீர்கள். பக்கத்து வீட்டு லானில் கோன்ஃபிளவர் முளைத்தால் அவருக்கும் நல்லதுதான் என்று நமக்குத் தோன்றும், அவருக்குத் தோன்றாது.

5. முதல் மூன்று ஆண்டுகள்

முதல் ஆண்டு உறங்கும், இரண்டாம் ஆண்டு தவழும், மூன்றாம் ஆண்டு துள்ளும் என்று பிரெய்ரி வளர்ப்பவர்கள் சொல்வார்கள்.

செய்ய வேண்டியவை

• முதல் கோடையில் வெட்டுங்கள். செடிகள் ஓரடியைத் தொடும்போதெல்லாம் ஐந்தாறு அங்குல உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். ஆசையாக விதைத்ததை எப்படி வெட்டுவது என்று கை நடுங்கும். ஆனால் அந்த உயரத்தில் இருப்பது பெரும்பாலும் ஓராண்டுக் களை. நாம் விதைத்தது இரண்டு மூன்று அங்குலத்தில் நின்றபடி வேரை இறக்கிக்கொண்டிருக்கும். களையின் தலை போனால் அதற்கு வெளிச்சம் கிடைக்கும். களையும் விதை வைக்காது.

• இரண்டாம் ஆண்டு ஓரிரு முறை வெட்டினால் போதும். மூன்றாம் ஆண்டிலிருந்து குளிர்காலம் முடிந்ததும் ஆண்டுக்கு ஒரு முறை.

• நாம் விதைத்த செடிகள் முளையில் எப்படி இருக்கும் என்று படம் பார்த்துப் பழகுங்கள். கொஞ்சம் விதையைத் தொட்டியில் தனியாக முளைக்க வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது அதைவிடச் சுலபம்.

செய்யக்கூடாதவை

• முதல் ஆண்டில் களையைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் பக்கத்தில் நூல்போல நிற்கும் நம் நாற்றும் கையோடு வந்துவிடும். வெட்டுவதோடு நில்லுங்கள்.

• கோடைக்கு ஊரிலிருந்து வரும் பெரியவர்களிடம் விஷயத்தைச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். நம் வீட்டில் அதிகாலையில் எழுந்து வாசலைச் சுத்தம் செய்கிற கை எத்தனை வேகமானது என்று எல்லோருக்கும் தெரியும். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் இரண்டு சதுர கஜம் பளிச்சென்று ஆகிவிட்டது. “வாசல்ல இப்படிப் புதர் மண்ட விட்டிருக்கியேடா, பூச்சி பொட்டு வராதா?” என்றார் அம்மா. “அது வரணும்னுதாம்மா வச்சிருக்கேன்” என்றேன். அடுத்த கோடையில் மொனார்க் புழுக்களை எண்ணிப் பார்த்து எனக்கு மாலையில் கணக்குச் சொன்னவரும் அவர்தான்.

• மே மாதத்தில் வெறும் மண்ணாகத் தெரிகிறது என்று மறுபடி கிளறாதீர்கள். சில விதை இரண்டாம் ஆண்டில்தான் முளைக்கும். கம்பஸ் பிளான்ட் பூக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும்.

6. அக்கம்பக்கத்தோடு

செய்ய வேண்டியவை

• ஓரத்தை ஒழுங்காக வையுங்கள். நடைபாதையை ஒட்டி இரண்டு மூன்றடி அகலத்துக்குப் புல்லைக் கட்டையாக வெட்டி விடுங்கள். அல்லது செங்கல் வரிசை வையுங்கள். ஜோன் நாஸவர் என்ற நிலவடிவமைப்பு அறிஞர் 1995இல் எழுதிய கட்டுரை ஒன்றின் சாரம் இதுதான்: ஒழுங்கான சட்டத்துக்குள் வைத்தால் கலைந்து கிடக்கும் இயற்கையையும் மக்கள் ஏற்பார்கள். யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

• சின்னப் பலகை வையுங்கள். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டு நாற்று கொடுப்பதாகவும் சொல்லுங்கள், கொடுங்கள்.

• நடுவே ஒரு பாதை வெட்டி வையுங்கள். உயரமான புல்லில் உடம்பு உரசினால் உண்ணி ஏறும். லைம் நோய் அதனால் வருவது. பாதை இருந்தால் அந்தப் பயம் குறையும்.

செய்யக்கூடாதவை

• தெருமுனையில் வண்டி ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும்படி உயரச் செடி வைக்காதீர்கள்.

• ஊராட்சியிலிருந்து கடிதம் வந்தால் கோபித்துக்கொள்ளவோ பயந்து எல்லாவற்றையும் வெட்டவோ வேண்டாம். செடிகளின் பட்டியலையும் படத்தையும் இணைத்துப் பதில் எழுதுங்கள். மில்வாக்கி அருகே பேசைட் ஊரில் லோரி ஆட்டோ என்ற பெண்மணியின் வாசலை ஊராட்சி ஆட்கள் வந்து வெட்டிவிட்டுப் போனார்கள். அவர் எதிர்த்து வாதாடி வென்றார். 1979இல் தொடங்கி இன்று பல மாநிலங்களில் இயங்கும் ‘வைல்ட் ஒன்ஸ்’ அமைப்பு அவரால் தூண்டப்பட்டதுதான்.

7. வேரூன்றிய பிறகு

செய்ய வேண்டியவை

• குளிர்காலம் முழுக்கக் காய்ந்த தண்டுகளை நிற்க விடுங்கள். பறவைக்கு விதை, பூச்சிக்கு இருப்பிடம். வசந்தத்தில் வெட்டும்போதும் ஓரடி உயரத்துக்குக் கட்டை விட்டு வெட்டினால் சில தேனீ வகைகள் அந்தத் துளைகளில் கூடு வைக்கும்.

• விதை சேகரித்து மற்றவர்களுக்குக் கொடுங்கள்.

செய்யக்கூடாதவை

• நெருப்பு வைக்காதீர்கள். பிரெய்ரிக்கு நெருப்பு தேவை என்பது உண்மை. பழங்குடி மக்கள் நூற்றாண்டுகளாகச் செய்து வந்ததை, மேடிசனிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜான் கர்ட்டிஸ் 1940களில் சோதனை செய்து காட்டினார். அங்கே 1930களில் தொடங்கிய பிரெய்ரி நடவு இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. உலகின் முதல் பிரெய்ரி மீட்பு என்று அதைச் சொல்கிறார்கள். ஆனால் அது அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை. வினைல் பலகை ஒட்டிய வீடுகளுக்கு நடுவே நமக்கு வெட்டி வாருவதே போதும்.

• பிரெய்ரியை மீட்டுவிட்டோம் என்று பெருமை பேசாதீர்கள். நூறு சதுர அடியில் நாம் வைத்திருப்பது இருபது முப்பது வகைச் செடி. கலப்பை படாத நிலத்தில் நூற்றுக்கணக்கான வகைகளோடு மண்ணுக்குள் பூஞ்சையும் பூச்சியுமாக நமக்குப் பெயர் தெரியாத ஒரு கூட்டமே வாழ்கிறது. மிஞ்சிய 2,500 ஏக்கருக்கு எந்த வாசலும் மாற்றாகாது. உங்கள் ஊரில் அப்படி ஒரு துண்டு இருந்தால் அங்கே களையெடுக்கத் தன்னார்வலர்கள் கூடுவார்கள்; மாதம் ஒரு சனிக்கிழமை போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். வீட்டில் செய்வதற்குத் தேவையான எல்லாவற்றையும் அங்கே கற்றுக்கொள்ளலாம்.

இவ்வளவு நீளப் பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். வாசலில் பத்துக்குப் பத்தடி இடம் பாருங்கள். வரும் மே மாதம் தார்ப்பாயை விரியுங்கள். நவம்பரில் தூவ வேண்டிய விதை பன்னிரண்டு கிராம்கூட இராது, உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்குப் பிறகு மூன்றாண்டு காத்திருப்பதுதான் கஷ்டமான வேலை.